ஒலிப்பணியகமும் மலைப்பாடற் பதிப்பும்

1. நோக்கம்

வாய்மொழிப் பாடலைப் பதிப்பித்தல் ஏட்டுச்சுவடியைப் பதிப்பித்தலினும் அரிய தொழிலாகும். ஏடு கறையானுக்கு இரையாயினும் எஞ்சிய பகுதி எழுத்தாய் நிற்கும். ஐயம் எழுந்துழி மீண்டும் எடுத்து நோக்கலாம். வாய்ப்பாட்டோ பாடி முடிந்த அளவிலே மறைவது. அதனைப் பிடித்து நிறுத்தும் வழி 1877-இல் எடிசன் ஒலிவரைவியைக் கண்ட பின்னரே உலகிற்கு வாய்த்தது. இன்று அக்கருவியின் வழித்தோன்றலாகிய கணினி மென்பொருள்கள் ஆராய்ச்சி மாணவர் ஒவ்வொருவர் கையிலும் உள்ளன. ‘டிஜிட்டல் ஆடியோ வொர்க்ஸ்டேஷன்’ என உலகம் வழங்கும் அம்மென்பொருளை யாம் ஈண்டு ஒலிப்பணியகம் என வழங்குவோம். ஒலியைப் பதிதல், வெட்டுதல், ஒட்டுதல், திருத்துதல், பல ஒலித்தடங்களை ஒன்றாகக் கலத்தல் ஆகிய தொழில்கள் அனைத்தையும் ஒரே திரையில் நிகழ்த்துவது அது.

இசைத் தொழிலுக்கென அமைந்த இக்கருவி, நாட்டுப் பாடல் ஆராய்ச்சியில் இன்று பதிப்பாசிரியனுக்குரிய இடத்தைக் கைப்பற்றி நிற்கின்றது. களத்திற் பதிந்த ஒலி இதனுட் புகுந்து ‘தூய்மை’ பெற்று வெளிவருகின்றது. அங்ஙனம் வெளிவந்ததைக் கேட்டே பாடம் எழுதப்படுகின்றது. அப்பாடத்தின்மேல் யாப்பாராய்ச்சியும் கிளைமொழி ஆராய்ச்சியும் எழுகின்றன. அத்தூய்மையின் விலை யாது என்பதை ஆராய்வார் சிலரே. சேர்வராயன் மலைவாழ் தமிழ் மக்களின் பாடல்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனை ஆராய்தலும், ஒலிப்பதிப்பிற்கு ஒருசில நெறிகளை வகுத்தலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மலையும் மக்களும்

சேலம் நகரின் வடபால் உயர்ந்து நிற்பது சேர்வராயன் மலைத்தொடர். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. இம்மலைக்குப் பெயர் தந்த சேர்வராயன் கோயில் உச்சியில் உள்ளது. ஆண்டுதோறும் மே மாதத்தில் விழா நிகழும். காப்பித் தோட்டங்கள் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தன. அவற்றிற்கு முன்னரே இங்கு வாழ்ந்து வருவோர் மலையாளிகள் எனப்படுவோர். மலையை ஆள்வோர் என்னும் பொருட்டாய இப்பெயரால் இவர்களைச் சேரநாட்டாரொடு மயங்கலாகாது. இவர்தம் தாய்மொழி தமிழே.

காஞ்சிபுரத்தினின்றும் புறப்பட்ட உடன்பிறந்தார் மூவருள் மூத்தவன் சேர்வராயன் மலையிலும் ஏனையோர் கொல்லிமலை, பச்சைமலைகளிலும் குடியேறினர் என்பது இவர்களிடை வழங்கும் பழமரபு. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்னும் ஏழு தொகுதிகளுள் இம்மரபு இடம்பெற்றுள்ளது. ஆயினும் அது ஆங்கில உரைநடைச் சுருக்கமாகவே உள்ளது. கதை எஞ்சியது, அதனைச் சொன்ன சொல்லும், சொல்லைத் தாங்கிய இசையும் எஞ்சவில்லை. மூவர் பெயரையும் அறிகின்றோம்; அப்பெயர்களை எவ்வளவு நீட்டி, எவ்விடத்து மூச்சு வாங்கி, எவர் முன்னிலையில் உரைத்தனர் என்பதை அறியும் வாயில் அடைபட்டுவிட்டது. ஒலிப்பதிவின் இன்றியமையாமைக்கு இவ்வொன்றே சான்றாக அமையும்.

மலைநிலத்துப் பாட்டு இலக்கியத்துட் புகுதல் தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்துக் குன்றக்குரவை குன்றவாணர் ஆடிப்பாடியதாக அமைந்தது. எனினும் அதனை நமக்குத் தந்தவர் இளங்கோவடிகள் என்னும் பெரும்புலவர். குறவர் பாடியது எது, அடிகள் செப்பஞ்செய்தது எது எனப் பிரித்தறிதல் இன்று இயலாது. அது காப்பியம் ஆதலின் குறையன்று. காப்பியப் புலவர்க்கு அவ்வுரிமை உண்டு. ஆராய்ச்சியாளனுக்கு அவ்வுரிமை இல்லை என்பதே எம் வாதத்தின் தொடக்கம்.

3. ஒலியின்றி வந்த பதிப்புகளும் ஒலியொடு வந்தனவும்

நாட்டுப் பாடற் பதிப்பு வரலாற்றில் மூன்று நிலைகளை ஈண்டுச் சுட்டுதல் தகும்.

முதலாவது, எழுத்தளவில் நின்ற தொகுப்புகள். ஆங்கில ஆட்சிக்கால அதிகாரியான பெர்சி மாக்குவீன் திரட்டிய பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, 1958-இல் தஞ்சைச் சரசுவதி மகால் ‘மலையருவி’ என்னும் பெயரால் வெளியிட்டது. 1964-இல் நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ வெளிவந்தது. பாடலின் இடத்தையும் சேகரித்தவர் பெயரையும் வட்டார வழக்கையும் குறிக்கும் நல்வழக்கம் பின்னதன்கண் உண்டு. இவ்விரு பெருந்தொகுப்புகளும் செய்த நன்மை பெரிது. ஆயினும் இவை தருவது சொல். இசை வாசகனின் ஊகத்திற்கே விடப்பட்டது.

இரண்டாவது, ஒலியைப் பிடித்தும் இயல்பைப் பிடியாத பதிவுகள். கிரியர்சன் தலைமையில் நிகழ்ந்த இந்திய மொழியளவையின் துணையாக 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இசைத்தட்டுகள் பதிவாயின. பல மொழிகளுக்கும் ஒப்பீட்டு அளவுகோலாகக் கிறித்தவ மறைநூலின் கெட்ட குமாரன் கதையைப் பேசுவித்தனர். ஒப்பீட்டிற்கு அது உதவியது. எனினும் பேசியோன் தனதல்லாத ஒரு கதையைக் கருவியின் வாய்முன் மொழிந்தான். குரல் உண்மை, சூழல் செயற்கை.

மூன்றாவது, நிகழ்ச்சியையே மூலமாகக் கொண்ட பதிவுகள். யுகோசுலாவிய நாட்டில் மில்மன் பாரி 1930-களில் காவியப் பாடகரைத் தட்டுகளிற் பதிந்தார். அவர் மாணவர் ஆல்பர்ட் லார்டு 1960-இல் வெளியிட்ட நூலில், வாய்மொழிக் காவியம் ஒவ்வொரு முறை பாடப்படும்போதும் புதிதாக இயற்றப்படுகின்றது என நிறுவினார். நம் கொங்கு நாட்டில் பிரெண்டா பெக் 1965-இல் அண்ணன்மார் கதையை ஒலிநாடாவிற் பதிந்தார். ஊரார் முன் பாடிய வடிவையும், அதே பாடகர் எழுதிக்கொள்ளுமாறு சொல்லிய வடிவையும் அவர் ஒப்புநோக்கினார். ஒருவர் வாயிலிருந்தே வந்த இரு வடிவங்களும் வேறுபட்டன. இவ்வேறுபாடு பிழையன்று, அதுவே ஆராய்ச்சிப் பொருள். இப்பதிவு வெட்டி ஒட்டி ‘ஒரே நல்வடிவமாக’ ஆக்கப்பட்டிருக்குமாயின் அவ்வாராய்ச்சியே எழுந்திராது.

4. ஒலிப்பணியகத்தின் இயல்பு

ஒலியை எண்ணாக்கித் திருத்தும் முயற்சி 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் சவுண்ட்ஸ்ட்ரீம் என்னும் நிறுவனத்தாரால் உருப்பெற்றது. 1989-இல் கியூபேஸும், 1991-இல் புரோ டூல்ஸும், 2000-இல் கட்டணமின்றிக் கிடைக்கும் ஆடாசிட்டியும் வெளிவந்தன. இவை தம்முள் வேறுபடினும் அடிப்படை ஒன்றே. ஒலியலையின் உயரம் ஒரு வினாடிக்கு 48,000 முறையோ 96,000 முறையோ அளக்கப்பட்டு எண்ணாகின்றது. ஒவ்வோர் அளவும் 24 இருமக் கூறுகளால் எழுதப்படுமாயின் மிக மெல்லிய முணுமுணுப்பும் உரத்த பறையொலியும் ஒருங்கே அடங்கும். ஒலிக்காப்பகத்தாரின் உலகச் சங்கம் 48,000 என்பதைக் கீழெல்லையாகக் கொண்டு 96,000 என்பதைப் பரிந்துரைப்பது இதனாலேயாம்.

இம்மென்பொருள்களின் தலையாய சிறப்பு ஒன்றுண்டு. பெரும்பாலானவற்றில், திரையில் ஒலியை வெட்டும்போது மூலக்கோப்பு வெட்டுப்படுவதில்லை. ‘இவ்விடத்தினின்று இவ்விடம்வரை ஒலிக்க, இப்பகுதியை விடுக’ என்னும் கட்டளைப் பட்டியலே எழுதப்படுகின்றது. மூலம் ஒருபுறம், திருத்தம் ஒருபுறம் எனத் தனித்தனி நிற்கின்றன. நம் பதிப்பு மரபை அறிந்தார்க்கு இது புதிதாகத் தோன்றாது. ஏட்டின் பாடத்தைக் காத்து, வேறுபாட்டை அடிக்குறிப்பிற் காட்டும் முறையும் இதுவே. ஆதலின் முறைப்படி ஆளப்படுமாயின், பதிப்பாசிரியர்க்கு இதனினும் சிறந்த கருவி இதுவரை வாய்த்ததில்லை என்றே கூறலாம்.

குறை எங்கே நேர்கின்றது? பணி முடிந்தவுடன் கலந்த ஒலி ஒன்றாகத் திரட்டி வெளியேற்றப்படுகின்றது. இடம் அடைக்கின்றது என்று மூலக்கோப்பும் கட்டளைப் பட்டியலும் நீக்கப்படுகின்றன. ஏட்டை எரித்துவிட்டு அச்சுப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொள்வது போன்றது இது. மேலும் சில எளிய மென்பொருள்களிற் சில திருத்தங்கள் பதிவின் மேலேயே எழுதப்படும்; படியெடுத்து வையாதார் மூலத்தை அப்பொழுதே இழப்பர்.

5. மலையடிவாரத்து ஒலிக்கூடம்: ஓர் ஒப்பு

ஒலித்தொகுப்பின் வரலாற்றில் சேர்வராயன் மலையடிவாரத்திற்கும் பங்குண்டு. ஏற்காடு செல்லும் சாலையில், டி. ஆர். சுந்தரம் 1930-களின் நடுப்பகுதியில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் படக்கூடம் இருந்தது. 1938-இல் முதல் மலையாளப் பேசும்படமாகிய ‘பாலன்’, 1942-இல் சுந்தரம்பிள்ளையின் நாடகத்தைத் தழுவிய ‘மனோன்மணி’, 1950-இல் ‘மந்திரிகுமாரி’, 1956-இல் வண்ணப்படமாகிய ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ ஆகியன அந்நிறுவனத்தின் ஆக்கங்கள். இன்று கூடம் இல்லை. நுழைவாயில் வளைவே எஞ்சியது.

அக்கால முறையிற் பாடகரும் கருவியாளரும் ஒருங்கு நின்று ஒரே வீச்சில் பாடி முடிப்பர். ஒலி ஒளியாகி படச்சுருளின் ஓரத்திற் பதியும். ஒருவர் பிழைப்பின் அனைவரும் மீண்டும் தொடங்குதல் வேண்டும். எத்தனை முறை பாடினும் இறுதியிற் கொள்ளப்பட்ட பதிவே பாடலாகும், ஏனையவை முயற்சிகளே. ஏனெனில் அப்பாடல் பதிவின் பொருட்டே பிறந்தது. ஒலிப்பணியகத்தின் பிறப்பும் இம்மரபின் வழிப்பட்டதே. பல முறை பாடுவித்து, ஒவ்வோர் அடிக்கும் சிறந்ததைத் தேர்ந்து ஒட்டி ஒரு பாடலாக்கும் வழக்கம் இன்று இசைத்தொழிலில் இயல்பாயிற்று. அதன்மேற் குறைகூறுதற்கு இடமில்லை.

மலைப்பாடலின் நிலை வேறு. தாலாட்டு குழந்தையின் பொருட்டும், ஒப்பாரி இறந்தாரின் பொருட்டும், விழாப்பாட்டு தெய்வத்தின் பொருட்டும் பிறந்தன. திரைப்பாடலுக்குப் பதிவே மூலம்; மலைப்பாடலுக்குப் பாடுதலே மூலம், பதிவு அதன் படி. முன்னதற்கு உரிய கருவியைப் பின்னதற்கு ஆளுங்கால் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. இரு வேளைகளிற் பாடிய ஒரே தாலாட்டின் நல்லடிகளைத் தேர்ந்து ஒட்டுவோன், எவரும் எப்பொழுதும் பாடாத ஒரு பாடலைப் படைக்கின்றான். சங்கச் செய்யுட்கு ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டுப் பாடந்தேர்தல் முறையன்றோ எனின், அஃது ஒவ்வாது. ஏடுகள் பலவாயினும் அவற்றின் பின்னே ஒரு புலவன் செய்த ஒரு செய்யுள் உண்டு. அதனை நாடியே பாடந்தேர்கின்றோம். இரு பாடுதல்களின் பின்னே அங்ஙனம் ஒரு தனிமூலம் இல்லை. இரண்டும் மூலங்களே.

6. திருத்தங்களும் அவற்றால் நேரும் இழப்பும்

மலையூர் ஒன்றில் மூதாட்டி ஒருத்தி தூளியில் இட்ட பேரக்குழந்தையை ஆட்டித் தாலாட்டுகின்றாள் எனக் கொள்வோம். விட்டத்திற் கட்டிய கயிறு உராய்ந்து ஒலிக்கின்றது. புறத்தே சிள்வண்டு இரைகின்றது. இடையே காற்று வீசுகின்றது. மாணவர் இதனைப் பதிந்து ஒலிப்பணியகத்துள் இடுகின்றார். அங்கு நிகழ்வனவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

(அ) தாளம். இம்மென்பொருள்களுட் பல, திறந்த அளவிலேயே நிமிடத்திற்கு 120 தட்டு, நான்கு தட்டிற்கு ஒரு கட்டம் என்னும் வரைகோடுகளைத் திரையில் இட்டுக் காட்டும். ஒலியை அக்கோடுகளில் இழுத்துப் பொருத்தும் வசதியும் உண்டு. எவரும் கேளாமலே முன்வந்து நிற்கும் இக்கோடு, நடுநிலையானது போலத் தோன்றினும், மேலைநாட்டு ஆடலிசையின் துணிபு ஒன்றை உள்ளடக்கியது. மூதாட்டியின் தாளத்தை வகுப்பது கடிகாரமன்று, தூளி. இரண்டு மீட்டர் நீளமுள்ள தூளி தானே ஆடுமாயின் ஒருமுறை சென்று மீள ஏறத்தாழ 2.8 வினாடி ஆகும். கயிற்றின் நீளம் மிகின் காலமும் மிகும். கை தள்ளுந்தோறும் அது சிறிது மாறும். குழந்தை கண்ணயருங்கால் கை தளரும், பாட்டும் தளரும். வீட்டின் விட்டத்து உயரமும், குழந்தையின் உறக்கமும் பாட்டின் காலத்தை வகுக்கின்றன என்பது எத்துணை அரிய உண்மை! கோட்டில் இழுத்துப் பொருத்திய அளவில் அவ்வுண்மை அழிந்துபடும்.

(ஆ) இரைச்சல் நீக்கம். இது இருவகைப்படும். ஒன்று, ஓரளவிற்குக் கீழ்ப்பட்ட ஒலியை வாயில் அடைத்தாற்போல் அடைத்துவிடுவது. மற்றொன்று, இரைச்சல் மட்டும் கேட்கும் பகுதியை மாதிரியாகக் கொண்டு அதன் சாயலைப் பதிவு முழுவதினின்றும் கழிப்பது. முன்னது அடிகளுக்கு இடைப்பட்ட கயிற்றொலியையும் மூச்சொலியையும் இரைச்சல் என விலக்கும். கயிற்றொலியே அப்பாட்டின் தாளம் என்பதை மேலே கண்டோம். தாளத்தை இரைச்சலென்று களைந்துவிட்டு, ‘இப்பாட்டிற்குத் தாளக்கட்டு இல்லை’ என்று முடிவு கூறுதல் எத்துணைப் பொருந்தாமை!

இதனினும் நுண்ணிய இழப்பு ஒன்று தமிழ்மொழிக்கே உரியது. சொல்லிறுதிக் குற்றியலுகரம் அரை மாத்திரை அளவிற்றாய் மெலிந்து ஒலிப்பது. அளவிற்குக் கீழ்ப்பட்டதை அடைக்கும் வாயில் முதலில் அடைப்பது இத்தகைய ஈற்றொலியையே. அங்ஙனம் அடைக்கப்பட்ட பதிவைக் கேட்டு எழுதுவோர், ‘இம்மக்கள் ஈற்றுகரத்தைக் கெடுத்து மெய்யீறாக ஒலிக்கின்றனர்’ எனக் கிளைமொழி விதி ஒன்று வகுத்தல் கூடும். அவ்விதி மலைமக்களின் நாவிற் பிறந்ததன்று, மென்பொருளிற் பிறந்தது. சாயல் கழிக்கும் முறையிலும் சகரம் முதலிய உரசொலிகள் மழையிரைச்சலொடும் சிள்வண்டொலியொடும் ஒத்த உயர் அதிர்வுடையன ஆதலின் உடன் தேய்தல் உண்டு.

(இ) சுருதி. 1997-இல் ஆட்டோ-டியூனும், 2001-இல் மெலோடைனும் வெளிவந்தபின், பாடிய சுருதியைத் திருத்துதல் எளிதாயிற்று. நிலையை மாற்றாவிடின் இவை ஒரு தானத்தைப் பன்னிரண்டு சமக்கூறுகளாகக் கொண்டு, வழுவிய ஒலியை அண்மைக் கூற்றிற்குத் தள்ளும். தமிழிசையின் சுருதிக் கணக்கை நாடி ஆபிரகாம் பண்டிதர் 1917-இற் ‘கருணாமிர்த சாகர’மும், விபுலாநந்த அடிகள் 1947-இல் ‘யாழ் நூ’லும் தந்தனர். தம் வாழ்நாளை அவர்கள் எதற்குச் செலவிட்டனரோ அவ்வினாவை ஒரு பொத்தான் வினவாமலே விடையிறுத்து முடிக்கின்றது. மூன்று நான்கு சுரங்களுள் நின்று, ஒன்றினின்று ஒன்றிற்கு வழுக்கிச் செல்லும் தாலாட்டில் இடைநிலைச் சுரங்களே உயிர். ஒப்பாரியில் குரல் உடைந்து விம்மலாகும் இடத்தைச் சுருதி திருத்துதல் துயரத்தையே திருத்துதலாகும்.

(ஈ) ஒலியளவைச் சமன்செய்தலும் வெட்டுதலும். உரத்ததைத் தாழ்த்தி மெலிந்ததை உயர்த்துங்கால், முன்பாடுவோர் குரலும் பின்பாடுவோர் குரலும் ஒரு நிரையாகும். குழுப்பாட்டின் அமைப்புப் புலப்படாது போகும். மறந்து நின்ற இடம், அண்டையாளை வினவிய சொல், நகைப்பு, மீண்டும் தொடங்கிய அடி ஆகியன ‘தேவையற்றவை’ என வெட்டப்படுகின்றன. பாடல் நினைவினின்றும் எவ்வாறு எழுகின்றது என்பதற்குச் சான்று அவற்றினும் வேறில்லை.

7. எழுத்தளவும் இசையளவும்

இவ்வாராய்ச்சிக்குத் தொல்காப்பியத்தின் துணை உண்டு. எழுத்தின் மாத்திரையைக் கண்ணிமைப்பினாலும் கைந்நொடியினாலும் அளந்த ஆசிரியர், நூன்மரபின் இறுதி நூற்பாவில், இசையொடு பொருந்துங்கால் எழுத்துகள் தம் அளவிறந்து ஒலித்தலும் ஒற்றுகள் நீளுதலும் உண்டு என்றும், அவை யாழ்நூலின்கண்ண என்றும் கூறிச் செல்கின்றார். எழுத்திலக்கணம் தன் எல்லையைத் தானே உணர்ந்து, அதற்கப்பால் உள்ளதை வேறொரு நூலுக்கு விட்ட இடம் இது. அந்நூல் நமக்குக் கிடைத்திலது.

ஒலிப்பணியகமும், அதனொடு ஆளத்தக்க பிராட், ஈலான் முதலிய ஒலியாய்வு மென்பொருள்களும் இவ்வெற்றிடத்தை ஓரளவு நிரப்ப வல்லன. தாலாட்டின் இறுதி நெடில் எத்துணை நீண்டது, மூக்கொற்று எவ்விடத்து நீண்டு அசையானது, மூச்சு அடியிறுதியில் வீழ்ந்ததா சீரிறுதியில் வீழ்ந்ததா என்பவற்றை ஆயிரத்தில் ஒரு வினாடி அளவிற்கு அளந்தறியலாம். தாளில் எழுதிய பாடத்திற்குச் சீர்பிரித்து ‘யாப்பு வழுவியது’ எனக் கூறுவோர், அலைவடிவத்தை நோக்குவாராயின், எழுத்தளவிற் குறைந்த சீர் இசையளவில் நிறைந்திருத்தலைக் காண்பர். வழு பாடினார் மாட்டு அன்று, அளந்தார் மாட்டே என்பது அப்பொழுது புலனாம். ஆயின், நீளத்தை முன்னரே கோட்டிற் பொருத்திய பதிவின்மேல் இவ்வளவை நிகழ்த்தின் வருவது மென்பொருளின் யாப்பேயன்றி மலையின் யாப்பன்று. அளக்கும் கருவியே திருத்தும் கருவியாகவும் இருத்தலின், எப்பொழுது அளக்கின்றோம், எப்பொழுது திருத்துகின்றோம் என்பதில் ஆராய்ச்சியாளர் விழிப்பொடு இருத்தல் வேண்டும்.

8. தடையும் விடையும்

இரைச்சல் நீக்காவிடின் சொல்லே கேளாது என்பர் சிலர். கேட்டற்பொருட்டுத் திருத்திய படி ஒன்று செய்துகொள்ளுதலை யாம் மறுக்கவில்லை. கேட்டறிந்த சொல்லை மூலத்தில் மீண்டும் ஒத்துநோக்குக என்பதே எம் வேண்டுகோள். கேளாத இடத்தை ஊகத்தால் நிரப்புதலும் கூடாது. புறநானூற்றை 1894-இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டினார். அப்பெரும்புலவர்க்கு அவ்விடங்களை நிரப்பும் ஆற்றல் இல்லாமலில்லை. நிரப்பாமையே பதிப்பறம் என உணர்ந்தமையின் விடுத்தார். காற்று மறைத்த சொல்லிற்கும் அப்புள்ளியே தக்கது.

மலைமக்களே தம் பாடலை இனிய இசையாகக் கேட்க விரும்பின் என் செய்வது என்பர் வேறு சிலர். பாடல் அவர்களுடையது. கருவியிசை சேர்த்தும், தாளம் பொருத்தியும் அவர்கள் விரும்பியவாறு ஆக்கிக்கொள்ளுதல் அவர்தம் உரிமை; அதற்கும் இம்மென்பொருள் உதவும். அதனை இசையமைப்பு என வழங்குக. பதிப்பு என வழங்கற்க. பெயர் மயங்கின் பொருளும் மயங்கும்.

ஒலிவாங்கியை வைத்த இடமே ஒரு தேர்வன்றோ, திருத்தாத பதிவு உண்டோ என்பது மூன்றாவது தடை. இது மெய்யே. வாயருகே வைத்தால் தூளி கேளாது. தூளியருகே வைத்தால் சொல் தேயும். ஆயினும் தவிர்க்கவியலாத தேர்விற்கும் தவிர்க்கத்தக்க திருத்தத்திற்கும் வேறுபாடு உண்டு. முன்னதைக் குறித்து வைத்தல் வேண்டும். பின்னதை விடுத்தல் வேண்டும்.

இடம் போதாது என்னும் தடை வலியற்றது. 48,000 அளவும் 24 கூறும் கொண்ட இரட்டைத்தடப் பதிவு ஒரு மணிநேரத்திற்கு ஏறத்தாழ ஒரு கிகாபைட் ஆகும். நூறு மணிநேரக் களப்பணி கைப்பையில் அடங்கும் சிறு வட்டொன்றில் அடங்கும்.

9. முடிவு

மேற்கூறியவற்றால் ஒலிப்பதிப்பிற்கு ஐந்து நெறிகளை யாம் முன்மொழிகின்றோம்.

1. களத்திற் பதிந்த கோப்பைச் சுருக்காத வடிவில், எவ்விதத் திருத்தமும் இன்றி, ஈரிடங்களில் காத்தல் வேண்டும். எம்பி3 முதலிய சுருக்கிய வடிவங்கள் கேட்டற்கு ஆகும், மூலமாகா.

2. திருத்திய படியொன்று செய்யின், செய்த திருத்தங்களை ஒவ்வொன்றாக எழுத்தில் தருதல் வேண்டும். மென்பொருளின் கட்டளைக் கோப்பு சில ஆண்டுகளின் பின் திறவாது போதல் கூடும். எழுதிய குறிப்பு நிற்கும்.

3. ஒரு பாடலின் இரு பாடுதல்களை ஒன்றாக ஒட்டலாகாது. தனித்தனியே தருதல் வேண்டும்.

4. யாப்பு, கிளைமொழி, இசை பற்றிய எம்முடிபும் திருத்தாத மூலத்தின்மேலேயே நிகழ்தல் வேண்டும். பட்ட ஆய்வேட்டொடு அம்மூலமும் ஒப்படைக்கப்படல் வேண்டும். தேர்வாளர் அதனைக் கேட்டல் வேண்டும்.

5. பாடினார் இசைவும், அவர் விரும்பின் அவர் பெயரும், இடமும், நாளும், ஒலிவாங்கி நின்ற நிலையும் குறிக்கப்படல் வேண்டும். பதிவின் படியொன்று பாடியவர் வீட்டிற்குச் சேர்தல் வேண்டும்.

இந்நெறிகள் சிறியனவாகத் தோன்றலாம். ஆயினும் சாமை விதைத்த கொல்லையிலும் தூளியடியிலும் பாடக் கற்றவர்கள் இன்று முதியோராயினர். இளையோர் கல்விக்கும் தொழிலுக்கும் சேலத்திற்கும் அப்பாலும் இறங்கிச் செல்கின்றனர். பல பாடல்களுக்கு ஒரு பதிவே வாய்க்கும். இரண்டாம் முறை கேட்க அப்பாடகர் இரார். தர்ஸ்டன் காலத்தில் சொல் தப்பாமைக்குக் காரணம் கருவிக் குறைவு எனலாம். நம் காலத்தில் கருவி நிறைந்திருந்தும் குரல் தப்பாதொழியின் காரணம் நம் கவனக்குறைவேயாகும். ஒரு பேரன் பிற்காலத்தே தன் பாட்டியின் தாலாட்டைக் கேட்க விரும்புவானாயின், அவன் கேட்க வேண்டுவது திருத்திய சுருதியன்று. கயிற்றொலியும் மூச்சும் கலந்த அவள் குரலே. ஆராய்ச்சியாளன் கேட்க வேண்டுவதும் அதுவே. இந்நெறிகளிற் கொள்வன கொண்டு, குறைவன நிரப்பி, நம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் ஒலிப்பதிப்பிற்குப் பொதுவிதி ஒன்றை வகுப்பனவாக.